ஆயாவின் கீறலும் சீனத்துச் சிலுவையும்



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். வெள்ளைத் துணியில் கறுப்பு மையில் ஒரு சிலுவை, அதன் அடியில் எட்டு இதழ்த் தாமரை. அதற்கு வந்த லைக்குகளைவிடக் கேள்விகள்தான் அதிகம். "சார், அது சீன எழுத்து மாதிரி இருக்கே?" என்று பெங்களூரிலிருந்து ஒருவன். "இது எந்தக் கட்சிக் கொடி சார்?" என்று குறும்பாக இன்னொருவன். என் தம்பி மகன் மட்டும் தனியாகப் போன் செய்து, "பெரியப்பா, நாம கோயிலுக்குப் போறவங்க. நீங்க எதுக்கு அவங்களுக்குச் சின்னம் வரைஞ்சு குடுக்கறீங்க?" என்று கேட்டான்.

மூன்று பேருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன். பதிவு நீளம்தான். மணி அடித்த பிறகும் நான் பாடத்தை நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. பொறுமையாகப் படியுங்கள்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சிறிய சபை. அந்தச் சபையின் மகளிர் ஐக்கியத்துக்கு இந்த ஆண்டு 50 வயது. அதன் செயலாளர் என் பழைய மாணவி. இப்போது நர்சாக இருக்கிறாள். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து, "சார், எங்க ஐக்கியத்துக்கு ஒரு சின்னம் வேணும். பேனர்லயும் போடணும், நோட்டுலயும் போடணும். கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்தா புறா, பைபிள், மெழுகுவத்தின்னு எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டிக் குடுக்கறாங்க. நீங்க வரைஞ்சு குடுங்க சார், உங்க போர்டு எழுத்து எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாள்.

நான் ஓவிய ஆசிரியன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியன். பயிற்சிப் பள்ளியில் கரும்பலகை எழுத்துக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. அதில் மட்டும் எனக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தில் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

தூரிகை வந்த கதை

அந்தப் பெண்ணின் தம்பியும் என் மாணவன்தான். ஒரு காலணி கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறான். செருப்பின் அடிப்பாகம், பசை, பக்கிள் வாங்க வருஷத்துக்கு இரண்டு தடவை சீனாவுக்குப் போய் வருகிறவன். முன்பொரு முறை எனக்காக ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். அதற்குள் ஒரு தூரிகை, கட்டியாக ஒரு மை, அதை உரைக்க ஒரு கல், கொஞ்சம் தாள். சீனர்கள் இந்த நான்கையும் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்பார்களாம். நம் ஊரில் சந்தனக் கட்டையைக் கல்லில் உரைப்பதைப் போலத்தான். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்கட்டியை நிதானமாக உரைக்க வேண்டும். அவசரக்காரனுக்கு மை கெட்டியாக இறங்காது.

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? யூடியூபைப் பார்த்துப் பழக ஆரம்பித்தேன். நாம் மணலில் 'அ' எழுதித் தொடங்குவதைப்போல அவர்கள் 'யோங்' என்ற எழுத்தைப் பழகுகிறார்கள். என்றென்றும் என்று அதற்குப் பொருள். புள்ளி, கிடைக்கோடு, நெடுக்குக்கோடு, கொக்கி, சரிவு என்று எட்டு வகைக் கீற்றும் அந்த ஓர் எழுத்திலேயே இருப்பதால் அதை வைத்துக் கை பழக்குகிறார்கள். கி.பி. 353இல் வாங் ஷிஜி என்பவர் எழுதிய, சீனாவின் மிகப் புகழ்பெற்ற கையெழுத்துப் படைப்பின் முதல் எழுத்தும் இதுதான்.

அப்படிப் பழகும்போது ஓர் எழுத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். சீனத்தில் பத்து என்ற எண்ணை ஒரு கிடைக்கோடும் ஒரு நெடுக்குக்கோடும் போட்டு எழுதுகிறார்கள். அசல் கூட்டல் குறி. அதனால்தான் சிலுவைக்குச் சீன மொழியில் 'ஷி ட்ஸ ஜியா' என்று பெயர். 'பத்து என்ற எழுத்தின் வடிவில் உள்ள சட்டம்' என்று பொருள். தனியாக எதையும் வரைய வேண்டாம். ஒன்றாம் வகுப்புச் சீனக் குழந்தை தினமும் எழுதும் எண்ணே சிலுவை வடிவம்தான்.

சரி, சின்னம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் இரண்டு கோடு மட்டும் போட்டுக் கொடுத்தால் வாத்தியார் ஏமாற்றிவிட்டார் என்பார்களே! ஏதாவது ஆழமாக வேண்டும் என்று தேடினேன். அங்கேதான் சறுக்கினேன்.

எழுத்துக்குள் கதை தேடினால்

சீன எழுத்துகளைப் பிரித்துப் பார்த்து விவிலியக் கதைகளைக் கண்டுபிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. 'கப்பல்' என்ற எழுத்தில் படகு, எட்டு, வாய் ஆகிய மூன்றும் இருக்கின்றன, நோவாவின் பேழையில் இருந்தவர்கள் எட்டுப் பேர், ஆகவே இது அந்தக் கதைதான் என்பார்கள். 'நீதி' என்ற எழுத்தில் மேலே ஆடு, கீழே 'நான்'. எனக்கு மேல் ஆட்டுக்குட்டி இருந்தால் நான் நீதிமான் என்பார்கள். கேட்பதற்கு உருக்கமாகவே இருக்கிறது.

ஆனால் சீன எழுத்து வரலாறு படித்தவர்கள் வேறு சொல்கிறார்கள். பெரும்பாலான சீன எழுத்துகளில் ஒரு பாதி பொருளைக் காட்டும், மறு பாதி உச்சரிப்பைக் காட்டும். கப்பல் எழுத்தின் வலது பாதி ஓசைக்காக வந்தது. 'வா' என்ற பழைய எழுத்தில் மரச்சிலுவையும் மனிதர்களும் தெரிகிறார்கள் என்பார்கள். அது முதலில் கோதுமைச் செடியின் படம். இன்னொன்றும் உண்டு. சீன அரசு 1950களில் எழுத்துகளை எளிமையாக்கியது. இன்று அங்கே பள்ளியில் எழுதும் 'நீதி'யில் ஆடும் இல்லை, 'நானும்' இல்லை. பக்திக்காக ஒரு எழுத்தைத் தியானிப்பது தவறில்லை. அதை வரலாறு என்று சொல்லிப் பேனரில் அச்சடிப்பதுதான் தவறு.

இவ்வளவு நியாயம் பேசுகிறவன் நானும் அதே குழியில் விழுந்தேன். 'அன்' என்று ஒரு எழுத்து. மேலே கூரை, கீழே பெண். பொருள், அமைதி. மகளிர் ஐக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்று மூன்று நாள் எழுதிப் பழகி, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாணவியிடம் பெருமையோடு விளக்கினேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், கோவிச்சுக்காதீங்க. பொம்பள வீட்டுக்குள்ள இருந்தாத்தான் சமாதானமா? எங்க ஐக்கியத்துல பாதிப் பேரு விடியக்காலையில ஷூ கம்பெனி பஸ் ஏறிடுவாங்க. நான் நைட் டூட்டி. கூரைக்குக் கீழ ஒக்காந்திருக்கற பொம்பள எங்கள்ல யாரு சார்?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன். சின்னம் என்பது அந்தக் கூட்டத்தின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும், பக்கத்து வீட்டு அகராதியிலிருந்து அல்ல என்று என் மாணவி எனக்குப் பாடம் எடுத்தாள். அதன்பிறகுதான், உண்மையிலேயே சீன எழுத்தையும் சிலுவையையும் சேர்த்து வைத்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள் என்று ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

781ஆம் ஆண்டுக் கல்

நீங்கள் ஏழாம் வகுப்பில் என்னிடம் மனப்பாடம் செய்தீர்களே, யுவான் சுவாங். சீனாவிலிருந்து புறப்பட்டு நாலந்தாவில் படித்து, நரசிம்மவர்மப் பல்லவன் காலத்தில் நம் காஞ்சிபுரம்வரை வந்தவர். அவர் இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், 635ஆம் ஆண்டு, அவருடைய தலைநகரான சாங்ஆனுக்குப் பாரசீகத் திசையிலிருந்து அலோபென் என்ற கிறிஸ்தவத் துறவி போய்ச் சேர்ந்தார். அப்போது ஆண்டவர் தாங் பேரரசர் தாய்சோங். அவரே எழுத்துக்கலைப் பித்தர். நான் முன்பு சொன்ன வாங் ஷிஜியின் கையெழுத்துகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 638இல் இந்தப் புதிய சமயத்துக்கு அவர் அனுமதி கொடுத்தார்.

அந்த வரலாற்றையெல்லாம் 781ஆம் ஆண்டு ஒரு கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆளைவிட உயரமான, ஏறத்தாழ ஒன்பது அடிக் கல். ஆமை முதுகின்மேல் நிற்கும்படி அமைத்தது. வாசகத்தை இயற்றியவர் ஜிங்ஜிங் என்ற துறவி. ஆதாம் என்று அவருக்கு இன்னொரு பெயர். எழுதியவர் லூ ஷியூயான் என்ற சீன எழுத்துக் கலைஞர். சுமார் 1,800 சீன எழுத்துகள். அடியிலும் பக்கங்களிலும் சிரியாக் மொழியில் ஏறத்தாழ 70 துறவிகள், குருமார்களின் பெயர்கள். நம் 'சிலுவை' என்ற சொல்லும் சிரியாக் மொழியிலிருந்து வந்தது என்பார்கள்.

கல்லின் உச்சியில் தலைப்பு. ஒன்பது எழுத்துகள், மூன்று மூன்றாக மூன்று வரிசை. அவற்றுக்கு மேலே, டிராகன் உருவங்களுக்குக் கீழே, சின்னதாக ஒரு சிலுவை. அந்தச் சிலுவை வெறுமனே நிற்கவில்லை. மேகத்துக்கு நடுவில் ஒரு தாமரையின்மேல் நிற்கிறது.

தங்கள் சமயத்துக்கு அவர்கள் சீனத்தில் வைத்த பெயரும் கவனிக்கத்தக்கது. 'ஜிங் ஜியாவ்', அதாவது ஒளிமிக்க நெறி. 'ஜிங்' என்ற எழுத்தை இன்று எழுதும்போது மேலே சூரியன் வரும். வெளிநாட்டுப் பெயரை அப்படியே ஒலிபெயர்த்துப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அந்த ஊர்க்காரன் படித்தவுடன் புரிந்துகொள்ளும் சொல்லைத் தேடியிருக்கிறார்கள். ஒரு சீனக் கலைஞரின் கையால் எழுத வைத்திருக்கிறார்கள். சொந்த மொழியையும் விட்டுவிடாமல் கல்லின் ஓரத்தில் தங்கள் பெயர்களைத் தங்கள் எழுத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். 'நாங்கள் உங்கள் நாட்டில் இருக்கிறோம், ஆனால் இன்னார்தான்' என்று இரண்டையும் அந்தக் கல் சொல்கிறது.

845இல் பேரரசர் வூசோங் பௌத்த மடங்களை ஒடுக்கியபோது இவர்களும் சேர்த்து ஒடுக்கப்பட்டார்கள். கல் மண்ணுக்குள் போயிற்று. எண்ணூறு வருஷம் மண்ணுக்குள்ளேயே இருந்து, 1620களில் தோண்டும்போது வெளியே வந்தது. இன்று சியான் நகரத்தின் கல்வெட்டுக் காட்சியகத்தில் நிற்கிறது.

தாமரை யாருடையது?

இப்போது கட்சிக் கொடி கேட்டவனுக்கு வருகிறேன். அவன் கேட்டதையே சபையின் மூத்தவர் ஒருவரும் கேட்டார். தாமரைச் சிலுவையை நான் முதலில் பென்சிலில் வரைந்து காட்டியபோது அவர் முகம் சுருங்கியது. "வாத்தியாரய்யா, தாமரை அவங்களது. கோயில்லயும் அதுதான், எலெக்‌ஷன்லயும் அதுதான். எங்களுக்கு வேணாம்" என்றார். என் தம்பி மகன் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், எதிர்ப் பக்கத்திலிருந்து.

அந்த மூத்தவரிடம் நான் வாதாடவில்லை. ஊர் ஊராக அழைத்துப் போனேன், வாய்வழியாகத்தான்.

முதலில் சென்னை பரங்கிமலை. 1547இல் போர்ச்சுக்கீசியர்கள் மலைமேல் அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து. மேலே இறங்கி வரும் பறவை. சிலுவையின் அடியில் இருபுறமும் விரியும் இதழ்கள். இதே வகைச் சிலுவை கேரளத்தில் கோட்டயத்திலும் இருக்கிறது. சீனத்துக் கல்லை நட்ட அதே கீழைத் திருச்சபை மரபோடு தொடர்புடையவர்கள்தான் இங்கேயும் வழிபட்டிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆன சிலுவை என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. கட்சிகளுக்குச் சின்னம் ஒதுக்க அப்போது தேர்தல் கமிஷன் ஏது?

அடுத்து சீனத்துத் துறைமுகமான சுவான்சோ. அங்கே 13, 14ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கல்லறைக் கற்கள் பல கிடைத்திருக்கின்றன. அவற்றில் தாமரைமேல் சிலுவை, சிலவற்றில் இருபுறமும் தேவதூதர்கள். அதே ஊரில்தான் நம் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. 1281ஆம் ஆண்டு, சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் அங்கே ஒரு சிவன் கோயிலுக்குத் திருமேனி எழுந்தருளச் செய்ததைத் தமிழில் வெட்டி, கடைசியில் ஒரு வரி சீனத்திலும் வெட்டி வைத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். ஒரே துறைமுகத்தில் தாமரைச் சிலுவை வெட்டிய கல் தச்சரும் தமிழர் கோயிலுக்குத் தூண் செதுக்கிய கல் தச்சரும் ஒரே கடையில் உளி தீட்டியிருக்கலாம். இது என் கற்பனைதான், ஆனால் ஊர் ஒன்று என்பது கற்பனை இல்லை.

இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த கல்லையும் சொன்னேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு எழுதப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகள். கடலில் போகிறவனுக்கு எல்லாத் துறைமுகமும் வேண்டியிருந்தது.

அதற்குப் பின் 20ஆம் நூற்றாண்டு. கார்ல் லுத்விக் ரைக்கெல்ட் என்ற நார்வே நாட்டு மிஷனரி 1930இல் ஹாங்காங்கின் ஷாட்டின் மலைமேல் 'தாவ் ஃபோங் ஷான்' என்ற மையத்தைத் தொடங்கினார். பௌத்தத் துறவிகள் வந்து தங்கி உரையாடும் இடம். டென்மார்க் கட்டடக் கலைஞர் ஒருவர் அதைச் சீனக் கோயில் பாணியிலேயே கட்டினார். பெயரின் மூன்று எழுத்துகளும் அர்த்தம் உள்ளவை. 'தாவ்' என்றால் வழி; சீன விவிலியத்தில் யோவான் நற்செய்தியின் 'வார்த்தை'க்கும் இதே சொல்தான். 'ஃபோங்' என்றால் காற்று, அவர்கள் தூய ஆவியை நினைத்து வைத்தது. 'ஷான்' மலை. அந்த மையம் எடுத்துக்கொண்ட சின்னம், 781ஆம் ஆண்டுக் கல்லில் உள்ள அதே தாமரைச் சிலுவை.

கடைசியாக, "ஐயா, உங்க சபை நோட்டை எடுங்க" என்றேன். தென்னிந்தியத் திருச்சபையின் சின்னம் அட்டையிலேயே இருந்தது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்து உருவான திருச்சபை. நாடு இரண்டாகப் பிரிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, அப்போது இவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். அதன் சின்னத்தில் நான்கு கையும் சம அளவான சிலுவை, அதைச் சுற்றி விரியும் இதழ்கள். தீ நாக்கு என்று பார்த்தால் தீ நாக்கு, தாமரை என்று பார்த்தால் தாமரை. எல்லோரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பது அதைச் சுற்றியுள்ள வாசகத்தின் கருத்து.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இத்தனை வருஷம் பையில வெச்சிருக்கேன், பூவுன்னு தெரியல" என்றார்.

நம் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். ஒருவர் தமிழர், ஒருவர் வெள்ளைக்காரர். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஊரே அழைத்தது. கதர் உடுத்தினார்கள், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். அவர்கள் கட்டிய ஜெபாலயத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரமும் மண்டபமுமாகக் கோயில் என்றே நினைப்பீர்கள். போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கலப்பதற்கும் ஓர் அளவு உண்டு

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் வாத்தியார் இல்லை.

சீனத்துக் கல்லில் வாசகம் எழுதிய ஜிங்ஜிங்கைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. இந்தியாவில் படித்துக் கடல்வழியாகச் சீனா போன பிரக்ஞர் என்ற பௌத்தத் துறவியோடு சேர்ந்து அவர் ஒரு பௌத்த நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். பிரக்ஞருக்கு அப்போது சீனம் போதாது. ஜிங்ஜிங்குக்குச் சமஸ்கிருதம் தெரியாது. மொழிபெயர்ப்பு குழப்பமாக வந்தது. பேரரசர் தேசோங் அதை ஏற்கவில்லை. அவரவர் அவரவர் நெறியைச் சொல்லட்டும், இரண்டையும் குழப்ப வேண்டாம் என்று உத்தரவிட்டார்.

எனக்கு இந்தக் கதை பிடித்திருக்கிறது. இரண்டு பேரின் நட்பும் நல்லதுதான். ஆனால் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் செய்த காரியம் நிற்கவில்லை. நான் 'கூரையின் கீழ் பெண்' வரைந்ததும் இதே கதைதான். எனக்குச் சீனமும் தெரியாது, அந்தப் பெண்களின் வாழ்க்கையும் தெரியாது.

நோட்டின் முதல் பக்கம்

"உங்க ஐக்கியத்தோட பழைய நோட்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து அக்காவும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். கரையான் அரித்த நீளமான நோட்டு. முதல் கூட்டத்தின் தீர்மானம், அப்போதைய உபதேசியார் எழுதியது. கீழே பதினொரு பெண்களின் பெயர்கள். மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மற்ற எட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் 'இவர் தற்குறி' என்று உபதேசியாரின் எழுத்து, அதற்கு நேரே ஒரு கூட்டல் குறி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. ஒன்று பேனாவை அழுத்திக் கிழித்தே இருந்தது.

பத்து என்ற சீன எழுத்து, எட்டு முறை.

தற்குறி என்றால் என்ன என்று இளைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகத் தானே இடும் குறி. பழைய பத்திரங்களில் பார்க்கலாம். பிறகு அது எழுதத் தெரியாத ஆளையே குறிக்கும் சொல்லாகி, கடைசியில் வசவாகிவிட்டது.

தம்பி அந்தக் குறிகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். "இது எங்க ஆயாது சார்" என்றான். பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "சார், நீங்க என்னை ஏழாவதுல ஒருநாள் தற்குறின்னு திட்டினீங்க. அப்ப எனக்கு அர்த்தம் தெரியல. வீட்டுக்குப் போயி ஆயாவைக் கேட்டேன். 'அது நான்தான்டா'ன்னு சொல்லிச்சு."

அவன் குற்றம் சொல்லவில்லை. எனக்குத் தூரிகை வாங்கி வந்தவன் அவன். ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தச் சொல்லை நான் ஒருவனை மட்டுமா சொல்லியிருப்பேன்? இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன்? உங்கள் அம்மாக்களும் ஆயாக்களும் கீறல் போட்டுத்தான் உங்களைப் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் அந்தக் குறியை வாங்கியவனே நான்தான். உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு இதுதான் முக்கியமான காரணம். சீனத்துக் கதையெல்லாம் அப்புறம்தான்.

யார் வரைந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூரிகைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். அந்த எட்டுப் பேரில் இன்று இருப்பவர் அவர் ஒருவர்தான். திண்ணையில் செய்தித்தாளை விரித்து, மை உரைத்து, தூரிகையைக் கையில் கொடுத்தேன்.

"இன்னா வாத்தியாரே, இந்த வயசுல என்னை எழுதச் சொல்றியா?"

"எழுத வேணாம் ஆயா. நோட்டுல போட்டீங்களே, அதே கீறலைப் போடுங்க."

"கை ஆடுதே."

"ஆடட்டும் ஆயா."

சீன முறைப்படி கிடைக்கோடு முதலில், நெடுக்குக்கோடு பிறகு. ஆயா நெடுக்குக்கோட்டைத்தான் முதலில் போட்டார். நான் திருத்தவில்லை. முதல் தாளில் மை சொட்டிவிட்டது. இரண்டாவதில் கோடு தாளை விட்டே ஓடிவிட்டது. மூன்றாவது தாளில் விழுந்ததுதான் நீங்கள் படத்தில் பார்த்தது. நெடுக்குக்கோட்டின் நடுவில் சின்ன நடுக்கம் தெரிகிறதே, அது கை நடுக்கம். கம்ப்யூட்டர் சென்டரில் அதை நேராக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அடியில் உள்ள தாமரை நான் வரைந்ததில்லை. ஐக்கியத்தின் இளைய உறுப்பினர் ஒரு பெண், ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவள், புள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல் கை எடுக்காமல் ஒரே கோட்டில் போட்டது. எட்டு இதழ், எட்டுக் கீறலுக்காக. 'எட்டு என்றால் என்ன?' என்று நாளைக்கு அவர்கள் பிள்ளைகள் கேட்டால் நோட்டைத் திறந்து காட்டலாம். எந்த அகராதியும் வேண்டாம்.

ஆக, தம்பி மகனே, நான் சின்னம் எதுவும் வரையவில்லை. மை உரைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவர்கள் சமயம் அவர்களுக்கு, நம் வழிபாடு நமக்கு. நாளைக்கு நம் தெருக் கோயில் திருவிழாவுக்குக் கேட்டாலும் இதேபோல மை உரைத்துக் கொடுப்பேன். ஆனால் சின்னத்தை நீங்கள்தான் போட வேண்டும்.

பொன்விழா நல்லபடியாக நடந்தது. சபை மூத்தவர் தாமரையை இன்னும் முழு மனதோடு ஏற்றுக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஆயாவுக்குச் சால்வை போட்டார்கள். பேனரைப் பார்த்துவிட்டு ஆயா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "என் கீறலு இவ்ளோ பெருசா?"

அந்தப் பழைய நோட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பாதுகாக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீடுகளிலும் பழைய பத்திரம், ரேஷன் கார்டு, சங்க நோட்டு எதிலாவது உங்கள் அம்மாவோ ஆயாவோ போட்ட கீறல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். முடிந்தால் கமெண்டில் எனக்கும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
ஆலங்காயம்.